வாசலுக்குப் புல்தரை வேண்டுமா?

(சிவகிரியில் நடந்த குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே! புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். மஃரிப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் அறக்கட்டளைக் கட்டடம் ஒருவழியாக முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. முன்வாசலில் ஆறு சென்ட் இடம் வெறுமனே கிடக்கிறது. அதில் புல்தரை, நம் பிள்ளைகள் பாஷையில் 'லான்', பதிக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசு. அல்லாஹ் அவர்கள் ரிஸ்கில் பரகத் செய்யட்டும்.

அந்தப் புல் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன். பணம் வந்து சேருவதற்கு முன்னாலேயே இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. புல்லுக்கென்று ஒருவர் கொடுத்துவிட்டால் அது புல்லுக்குத்தான். கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்ப நமக்கு உரிமை இல்லை, அது அமானிதம். அதனால் இப்போதே பேசி, அவர்களிடமும் கேட்டுவிடலாம்.

நானே புல் பதித்துப் பார்த்தவன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வீடு கட்டியபோது, வாசலில் மூன்று சென்ட்டில் கொரியன் புல் போட்டேன். அங்கே சாலை ஓரமெல்லாம் பச்சையாகப் பார்த்துப் பழகிய கண். அங்கே அந்தப் புல்லுக்கு விடுவது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். ஆனாலும் இங்கே வந்து கிணற்றுத் தண்ணீரை விட்டேன். மணல் பரப்பி, எரு போட்டு, சதுர அடிக் கணக்கில் புல் பத்தையை வாங்கிப் பதித்து, வாரம் ஒருமுறை வெட்ட ஆள் வைத்து, மஞ்சளடித்தால் யூரியா தூவி. பேரப்பிள்ளைகள் அதில் ஓடினால் "ஏய், புல்லு!" என்று சத்தம் போட்டேன். பிள்ளைகள் ஓடக்கூடாத ஒரு பச்சைக்கு என் பென்ஷனில் பாதி போனது.

ஒரு சித்திரை மாதம். குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு குடத்தோடு வாசலில் வந்து நின்று, "மாமா, ரெண்டு குடம் பிடிச்சிக்கிடட்டுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போது என் புல்லின் நடுவே தண்ணீர் தெளிக்கிற கருவி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பாவாடையில்கூட நாலு துளி விழுந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் மோட்டாரை நிறுத்தினேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல்தரை பச்சையாக இருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் விட வேண்டும். அப்படியானால் சென்ட்டுக்கு 200 லிட்டர். நம் ஆறு சென்ட்டுக்கு 1200 லிட்டர், ஒவ்வொரு நாளும். குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்கிறவருக்கு 5 லிட்டர் ஆகிறது என்று வைத்தாலும், 240 பேர் ஒளுச் செய்யும் தண்ணீரைத் தினமும் புல்லுக்கு ஊற்றுகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒளுவுக்கு ஒரு 'முத்து' அளவு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதை மதரஸாவில் படித்த பிள்ளைகளும் அறிவார்கள். அது இன்றைய அளவில் முக்கால் லிட்டர்கூட வராது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளுச் செய்தாலும் வீணாக்கக்கூடாது என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். நாமோ ஆற்றங்கரையில் இல்லை. சிவகிரியில் இருக்கிறோம்.

சிவகிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் ஞாபகம் வருகிறது. தென்காசி மாவட்டம்தானே, சாரல் அடிக்குமே என்கிறார்கள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் குற்றாலத்தை நனைக்கும்போது, நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான். மேற்கே நம் மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அதற்கு அந்தப்புறம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. நமக்குப் பிழைப்பு ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்த இரண்டு மாத மழையை வைத்துக்கொண்டு மிச்ச மாதங்களை ஓட்டத் தெரிந்த செடிகளைத்தான் அல்லாஹ் இந்த மண்ணில் வைத்திருக்கிறான். நான் கேட்பது அவற்றுக்கு ஆறு சென்ட்.

புல்தரை நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரன் பங்களாவிலிருந்து வந்தது. அவன் ஊரில் மழை வருடம் முழுக்கத் தூறுகிறது, புல் தானாக நிற்கிறது. தாஜ்மஹாலுக்குப் போனவர்கள் அந்தப் பச்சைப் புல்வெளியில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். ஷாஜஹான் காலத்தில் அங்கே இருந்தது பழமரங்களும் பூப்பாத்திகளும். புல்வெளியாக அதை மாற்றியது 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன் பிரபு காலத்து வேலை. நம்முடையது என்று நாம் நினைக்கிற பச்சை நம்முடையதே அல்ல.

அந்த வெள்ளைக்காரன் ஊரிலேயே இப்போது என்ன நடக்கிறது? கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி என்று புகழ்பெற்ற கல்லூரி. அதன் தேவாலயத்துக்குப் பின்னால் 1772இல் போட்ட புல்தரை. இருநூற்றைம்பது வருடம் கம்பளம் மாதிரி வெட்டிவைத்தார்கள். அதில் ஒரு பகுதியைச் சில வருடங்களுக்கு முன் கிளறி, அந்த நாட்டுக் காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். 2023இல் ஆய்வு முடிவு வந்தது. புல்தரையில் இருந்ததைப்போல மூன்று மடங்கு வகைச் செடிகளும் பூச்சிகளும் சிலந்திகளும் பூத்தரையில் இருந்தன. இரவில் வௌவால்களும் அங்கேதான் அதிகம் வந்தன. அதே கேம்பிரிட்ஜில் 2019இல் திறந்த பள்ளிவாசலின் முன்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. தொழ வருகிறவர்கள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அப்துல் கரீம் என்று ஒருவர். 1977இல் அவர் ஐந்து ஏக்கர் மொட்டைப் பாறை நிலம் வாங்கினார். புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். தூரத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து செடி வளர்த்தார். கொஞ்சம் பிடித்ததும் நிலத்தைத் தன் போக்கில் விட்டுவிட்டார். களை எடுக்கவில்லை, வெட்டவில்லை. பறவைகள் விதை கொண்டுவந்தன. மேலும் நிலம் வாங்கிச் சேர்த்து 32 ஏக்கர் காடாக்கினார். வறண்டு கிடந்த கிணற்றில் தண்ணீர் ஏறியது. நம்மிடம் 32 ஏக்கர் இல்லை, காடும் வளர்க்கப் போவதில்லை. சும்மா விடத் தெரிந்த ஒரு முஸ்லிம் மனிதர் இருந்தார் என்பதற்காகச் சொன்னேன். சும்மா விடுவது லேசான காரியமில்லை, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மோட்டாரை நிறுத்தினேன் என்றேனே, வைகாசியில் என் கொரியன் புல் வைக்கோலாகிவிட்டது. பார்த்தவர்கள் "ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கே" என்றார்கள். ஐப்பசி மழையில் மண் முளைவிட்டது. ஆசையாகப் போய்ப் பார்த்தால் பாதிக்குமேல் பார்த்தீனியம், மிச்சம் கோரை. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சுத்திணறலும் கொடுக்கும். கையுறை போட்டு, பூக்கும் முன்னே வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வருடம் அதுதான் என் வேலையாகிவிட்டது. ஆக, சும்மா விட்டால் நல்ல செடி தானே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோட்டோரம் எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் முதலில் வரும். முதல் இரண்டு வருடம் உட்கார்ந்து பிடுங்கினால், பிறகு நம் செடிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாம் வருடம் விதை சேர்த்தேன். வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் காய்ந்து நின்ற ஆவாரை நெற்று, துத்திக் காய், தும்பைத் தலை. காட்டிலாகா எல்லைக்குள் போகவில்லை, போகவும் கூடாது. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டால் முளைப்பு நன்றாக இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் மண்ணை லேசாகக் கீறித் தூவினேன். எரு போடவில்லை. போட்டால் முரட்டுக் களைதான் முந்திக்கொள்ளும்.

மார்கழியில் எழுந்து பார்த்தால் வாசலில் வெள்ளையாகத் தும்பை, தரையோடு தரையாக நீலத்தில் விஷ்ணுகிராந்தி, ஓரத்தில் மஞ்சளாக ஆவாரையும் துத்தியும். நான் விதைக்காத கீழாநெல்லியும் நாயுருவியும் மூக்கிரட்டையும் கூடவே வந்திருந்தன. என் நன்னி இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் சொல்லியிருப்பார். நாயுருவிக் குச்சியில் பல் துலக்கியவர் அவர். எனக்குப் பேர் தெரியவே முக்கால் ஆயுள் ஆகிவிட்டது.

பூ வந்ததும் பின்னாலேயே விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள். ஆவாரைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் சும்மா உதிராது. கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும், அப்போதுதான் மகரந்தம் கொட்டும். காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். முருங்கைப் பூவுக்கு முக்கியமாக வருவதும் இதே கருவண்டுதான். கத்தரிப் பூவுக்கும் இப்படி அதிரவைக்கிற வண்டினம் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்க்கவில்லை என்று புலம்புகிறோம். சுற்றிலும் சிமெண்ட் போட்டுவிட்டால் வண்டு எங்கே தங்கும்? பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். எலுமிச்சைப் பூவுக்குத் தேனீ வந்தால் விளைச்சல் கூடும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். தேனீயின் பெயரால் ஒரு அத்தியாயத்தையே குர்ஆனில் அல்லாஹ் இறக்கியிருக்கிறான். எறும்பின் பெயராலும் ஒன்று. புல்தரையின் பெயரால் இல்லை. இது சும்மா சிரிக்கச் சொன்னது, ஆலிம்கள் மன்னிக்க வேண்டும்.

ஒருவர் நட்ட செடியிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ தின்றால் அது நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதை மாமரத்துக்கும் தென்னைக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஆவாரை இலையைத் தின்கிற புழு வெளிர்நிற வண்ணத்துப்பூச்சி ஆகிறது. எருக்கு இலையைத் தின்கிற புழு ஆரஞ்சில் கருப்புக் கரை போட்ட வண்ணத்துப்பூச்சி ஆகிறது. ஆவாரைப் புழுவைச் சிட்டு தன் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது. கொரியன் புல்லில் இவற்றில் ஒன்றுக்கும் சோறில்லை.

இனி, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்வி. பாம்பு வராதா?

இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். நல்லபாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உள்ள ஊர் இது. பாம்பு பூவைத் தேடி வராது, எலியையும் தவளையையும் தேடி வரும். ஒளிய இடம் இருந்தால் தங்கும். அதனால் செங்கல் குவியல், விறகு, ஓட்டை ஓடு ஒன்றும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. கந்தூரிச் சோறோ வேறு எச்சில் உணவோ அங்கே கொட்டவே கூடாது. கட்டடத்தை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு வெறும் தரை, தினமும் பெருக்கிச் சுத்தமாக. நடைபாதை நாலடி, இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இல்லாமல். உயரமான செடி எல்லாம் சுற்றுச்சுவர் ஓரம். இரவில் விளக்கு. இவ்வளவும் செய்ய முடியாது என்றால் என் யோசனையையே விட்டுவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். அப்படியும் யாரையாவது கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது ஒன்றும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான்.

கொசு? கொசு செடியில் முட்டையிடாது, தேங்கிய தண்ணீரில் இடும். டெங்குக் கொசுவுக்குச் சிரட்டையும் பழைய டயரும் போதும். தண்ணீரே விடாத தரையில் அதற்கு வேலையில்லை.

பெருநாள் தொழுகைக்குக் கூட்டம் அதிகமானால் புல்லில் பாய் விரிக்கலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். நியாயமான பேச்சு. அதனால் ஆறு சென்ட்டையும் கேட்கவில்லை. கிப்லா பார்த்த பக்கம் இரண்டு சென்ட் மண்தரையாகவே இருக்கட்டும். ஸஃப் ஸஃபாகப் பாய் விரிக்கலாம், மற்ற நாளில் பிள்ளைகள் ஓடலாம், யாரும் சத்தம் போட வேண்டியதில்லை. மிச்சம் நாலு சென்ட்டில் பூச்செடி.

பார்க்க அலங்கோலமாக இருக்கும் என்று தாய்மார்கள் நினைக்கலாம். வாசலை இரண்டு வேளை பெருக்கி வளர்ந்தவர்கள், அப்படித்தான் தோன்றும். ஓரத்தை நேராக வெட்டிவிட்டால் உள்ளே எப்படி இருந்தாலும் வேண்டுமென்றே வளர்த்தது என்பது தெரிந்துவிடும், இது நான் கண்ட உண்மை. முன்வேலிக்கு மருதாணி வைப்போம். வறட்சி தாங்கும், பூ மணக்கும், பெருநாள் இரவுக்கு நம் பெண் பிள்ளைகள் கோன் வாங்க வேண்டாம். நடைபாதை ஓரத்துக்குத் திருநீற்றுப்பச்சிலை. நோன்பு திறக்கும் சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அதில்தான் விளைகிறது. அதன் பூவை மொய்க்கிற தேனீக்கூட்டத்தைப் பார்க்கவே ஒரு நாற்காலி போடலாம். எருக்கு வேண்டுமானால் பின்சுவர் ஓரம் ஒன்றிரண்டு, அதன் பால் கண்ணில் படக்கூடாது. செங்காந்தள் அழகுதான், நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகள் வந்துபோகும் இடத்துக்கு வேண்டாம். கடையில் 'காட்டுப்பூ விதை' என்று பொட்டலம் விற்கிறார்கள். பிரித்தால் பெரும்பாலும் வெளிநாட்டு அலங்காரப் பூ. வாங்காதீர்கள்.

மாசி முடிவில் எல்லாம் காய்ந்து விதை உதிர்ந்துவிடும். பங்குனியில் ஒரே ஒரு தடவை அரிவாளால் வெட்டிவிட வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை அந்த இடம் பழுப்பாகத்தான் இருக்கும், ஆவாரையும் மருதாணியும் தவிர. ஆறு மாதம் அழகு, ஆறு மாதம் சாதாரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏசக்கூடாது.

புல்லுக்கு வைத்த பணம்? அந்தப் பிள்ளைகள் சம்மதித்தால், மாடி மழைநீரைக் கிணற்றுக்குக் கொண்டுபோக வடிகட்டித் தொட்டி கட்டலாம். 2003லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, அது போய்ச் சேரும் இடம் இல்லை. 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். ஒரு கார்த்திகைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னும் மிஞ்சினால், கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு குடிதண்ணீர்க் குழாய். யார் குடத்தோடு வந்தாலும் கேட்காமல் பிடித்துக்கொள்ளட்டும்.

நிர்வாகக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. மூன்று பிள்ளைகளுக்கும் அதற்குள் நான் போன் செய்து பேசுகிறேன். குழு சரியென்று சொன்னால் வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு, கண்மாய்க் கரைக்கு ஆவாரை நெற்று பறிக்கப் போவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் துணிப்பை கொண்டுவரட்டும், காலுக்குச் செருப்பு கட்டாயம், பெரியவர்கள் நாலு பேராவது கூட வர வேண்டும். என் வாசலில் சேர்த்த தும்பை விதை இரண்டு டப்பா இருக்கிறது, அதையும் எடுத்துவருகிறேன்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.